ஆறும் ஆறு புட்டிகளும்

தமிழிலே 'ஆறு' என்ற சொல்லுக்குப் பொருள் பல. நதி என்பது ஒன்று. ஐந்துக்கு அடுத்த எண் என்பது மற்றொன்று. வழி என்பது இன்னொன்று. சென்ற தை மாதத்தில் இந்த மூன்று பொருளும் ஒன்றாகச் சேர்ந்து எங்களைப் பிரயாணம் கிளப்பிவிட்டன. தாமிரபரணி ஆற்றின் வழியே, மலையடிவாரத்திலிருந்து கடல் முகம் வரையில், ஆறு புட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்வந்தோம்.

புட்டி என்றதும் நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் சிறு கண்ணாடிப் புட்டிகள் அவை. ஒவ்வொன்றிலும் மருந்து தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு ஒன்று கிடக்கும். சோதிக்க வேண்டிய ஜலத்தை அதில் கோடு போட்ட அளவுக்கு ஊற்றி, மூடி, நிழலான இடத்தில் வைத்துவிட வேண்டியது. தண்ணீர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகும். நாற்பத்தெட்டு மணி நேரம் அந்த நிறம் மாறாமல் இருந்தால் நல்லது. கறுத்துவிட்டதானால், மனிதன் அல்லது மிருகத்தின் குடலிலிருந்து வெளிப்படும் கிருமிகள் அந்த ஜலத்தில் கலந்திருக்கக்கூடும் என்று அறிந்துகொள்ளலாம். மின்சாரமும் வேண்டாம், பூதக்கண்ணாடியும் வேண்டாம். 1982-ஆம் ஆண்டு நமது தேசத்து விஞ்ஞானிகளே வகுத்து வெளியிட்ட எளிய முறை இது. வெயில் நாட்டுக்கு ஏற்ற முறை. நமது அறையின் சூடே அதற்குப் போதும்.

எங்கள் கோஷ்டியில் உபாத்தியாயர்கள் இருவர். மாணவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவன் புட்டிப் பெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஆகவே அவனுக்குப் 'பெட்டிக்காரன்' என்று பெயர் வந்துவிட்டது. அவனுடைய பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. முந்திய வருஷம் மாசி மாதத்தில் அவனுக்கு டைபாய்டு என்னும் விஷ ஜுரம் கண்டது. பிழைத்து எழுந்தபோது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து போயிருந்தது. "ஸார், எனக்கு அது எங்கேயிருந்து வந்திருக்கும்?" என்று ஒரு நாள் வகுப்பில் எழுந்து கேட்டான். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தண்ணீரிலிருந்து வந்திருக்கலாம், தின்பண்டத்திலிருந்தும் வந்திருக்கலாம் என்றோம். "தண்ணியிலே என்றால், எந்த இடத்துத் தண்ணியிலே?" என்றான். அந்தக் கேள்விதான் எங்களை ரயில் ஏற்றியது.

மேலே போகும் வழி

எங்கள் பள்ளிக்கூடம் ஆற்றின் கடைப் பகுதியில் இருக்கிறது. ஆகையால் முதலில் மேலே போய்விட்டு, ஜலத்தோடு கூடவே கீழே இறங்கி வருவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலை திருச்செந்தூர் ரயிலில் ஏறித் திருநெல்வேலி சேர்ந்தோம். வழியில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் வந்தபோது பையன்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அப்போது சுமார் 800 பிரயாணிகளோடு ஒரு ரயில் வண்டி நின்றுபோன ஸ்டேஷன் அதுதான். அந்த நாட்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளம். குடிக்க மட்டும் ஒரு செம்பு ஜலம் இல்லை. ஆற்றுப் படுகையிலிருந்த கிணறுகளும் குழாய்களும் சேதமடைந்து குடிநீர் நின்றுபோயிற்று. ஆறு என்பது வேறு, குடிநீர் என்பது வேறு என்ற பாடத்தை அன்று எங்களுக்கு வெள்ளமே கற்பித்தது.

மறுநாள் சனிக்கிழமை, விடியும் முன்பே புறப்பட்டு அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய்ச் சேர்ந்தோம். கிழக்கு வெளுத்து, பொதிகை மலையின் நீல முகடுகள் மேகத்துக்கு மேலே தலை நீட்டிய அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டின் மழையையும் அந்த மலை ஏந்திக்கொள்கிறது. மரங்களும் புல்வெளிகளும் அதைப் பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதனால்தான் தமிழ்நாட்டின் மற்ற ஆறுகள் வற்றி மணலாகக் கிடக்கும் நாளிலும் இந்த ஆற்றில் ஈரம் இருக்கிறது. மலையிலே பிறந்து, சுமார் 80 மைல், அதாவது 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

மலைக்காடு இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருக்கிறது. புலிக்கும் நமது வீட்டுக் குடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பையன் கேட்டான். சம்பந்தம் உண்டு. புலிக்காக ஒதுக்கப்பட்ட காட்டில் நகரம் இல்லை, நகரச் சாக்கடை இல்லை. குடிநீரைக் காப்பதில் முதல் சூத்திரம் இதுதான்: அழுக்கைப் பின்னால் எடுப்பதைவிட முன்னால் சேராமல் தடுப்பது மேல், செலவும் குறைவு. பல கோடி ரூபாய் யந்திரங்கள் கீழே செய்ய வேண்டிய வேலையை, மேலே புலி சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜன சந்தடி தொடங்கும் இடத்துக்கு மேலே, பாறைகளுக்கு இடையில் கலகலவென்று ஓடிய ஜலத்தில் முதல் புட்டியை நிரப்பினோம். கையில் அள்ளியபோது உள்ளங்கை ரேகை தெளிவாகத் தெரிந்தது.

படித்துறையில்

பாபநாசம் கோயில் படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் கூட்டங்கூட்டமாக நீந்தும். யாத்திரிகர்கள் பொரி போடுவார்கள், மீன்கள் துள்ளும், குழந்தைகள் கைகொட்டும். பார்க்கப் பரம சந்தோஷமான இடம். ஆனால் சற்றுத் தள்ளிப் பார்த்தபோது சந்தோஷம் குறைந்துவிட்டது. பரிகார ஸ்நானம் செய்கிறவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிற வழக்கம் ஒன்று இங்கே வேரூன்றியிருக்கிறது. தொண்டர்கள் பலர் அவ்வப்போது இறங்கி மூட்டை மூட்டையாக அந்தத் துணிகளை அள்ளிக் கரையேற்றுகிறார்கள். பாவத்தை ஆற்றில் விடலாம் என்று பெரியோர்கள் சொல்லியிருக்கலாம். வேஷ்டியையும் விடச் சொன்னார்களா என்று தெரியவில்லை. அந்நாளில் பருத்தித் துணி, மக்கிப்போகும். இந்நாளில் செயற்கை நூல், மக்காது. பாறையில் சிக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கிறது.

அங்கிருந்து இறங்கி, ஜனங்கள் குளிக்கவும் துவைக்கவும் மாடு கழுவவும் ஒருங்கே பயன்படுத்துகிற ஒரு படித்துறையில் இரண்டாவது புட்டியை நிரப்பினோம். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆற்றங்கரையில் எந்த ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. ஒன்றைமட்டும் குற்றம் சொல்வானேன்?

ஆற்றுக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சக்தி உண்டு. பாறையில் மோதி நுரைக்கும்போது காற்றிலிருந்து பிராணவாயு ஜலத்தில் கரைகிறது. அந்தப் பிராணவாயுவைக்கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. வெயில் கிருமிகளில் ஒரு பகுதியை அழிக்கிறது, மணல் வடிகட்டுகிறது. இவ்வளவு வேலைக்காரர்கள் இருந்தும் ஏன் ஆறு அழுக்காகிறது? வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கும் அம்மாளிடம் திடீரென்று நானூறு பேரை அனுப்பினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆற்றுக்கும் ஆகிறது. அழுக்கு அதிகமாக அதிகமாக நுண்ணுயிர்கள் பிராணவாயுவை எல்லாம் செலவழித்துவிடுகின்றன. மீன் மூச்சு முட்டிச் சாகிறது. ஜலம் நாறத் தொடங்குகிறது.

இதை அளந்து பார்க்கவும் வழி உண்டு. ஒரு லிட்டர் ஜலத்தில் உள்ள அழுக்கைத் தின்பதற்கு நுண்ணுயிர்களுக்கு எத்தனை மில்லிகிராம் பிராணவாயு தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். குளிர் நாடுகளில் 20 டிகிரிச் சூட்டில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். நமது நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த பிரிவின்படி, கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க ஆற்று ஜலத்தில் இந்தத் தேவை 2 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. கரைந்திருக்கும் பிராணவாயு 6-க்குக் குறையக்கூடாது. வடிகட்டிச் சுத்திகரித்துக் குடிக்கத்தக்கது என்றால் 3 வரையில் போகலாம். பிராணவாயு 4-க்குக் குறையக்கூடாது.

2018-ஆம் ஆண்டில் அந்த வாரியம் தேசம் முழுவதிலும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று ஜாபிதா போட்டது. தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள். அந்த ஆறில் எங்கள் தாமிரபரணியும் ஒன்று. மாசு மிகுந்தவை முதல் வரிசை, குறைந்தவை ஐந்தாம் வரிசை என்று பிரித்ததில் நமது ஆறு ஐந்தாம் வரிசையில் இருந்தது. இதைக் கேட்டுச் சிலர் ஆறுதல் அடையலாம். பரீட்சையில் தவறியவர்களின் ஜாபிதாவில் நமது பிள்ளையின் பெயர் கடைசியில் இருந்தால் ஆறுதல் அடைகிறோமா?

நகரத்தில்

பாபநாசத்திலிருந்து கடல் வரையில் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று பையன்கள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். இருபுறமும் நெல்வயல், வாழைத் தோட்டம், தூரத்தில் கோபுரங்கள். பஸ்ஸில் இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பெட்டியைக் காட்டி, "என்ன அண்ணாச்சி, ஊசி மருந்தா?" என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆச்சி இருக்கையிலே விடியக்காலம் ஆத்துக்குப் போயி, மேல் தண்ணிய ஒதுக்கிட்டுக் கொடத்தை முக்கி எடுத்துட்டு வருவா. அதத்தான் குடிச்சோம். இப்போ நான் காலு நனைக்கவே யோசிக்கேன்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

திருநெல்வேலியில் ஆற்றைக் கடக்கும் சுலோசன முதலியார் பாலத்தின்மேல் நின்றோம். 1843-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. பரிசலிலும் படகிலும் ஜனங்கள் படும் அவதியைக் கண்டு, கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த சுலோசன முதலியார் தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டுக் கட்டுவித்தார். ஆற்றைத் தாண்டுவதற்கு ஒரு தனி மனிதர் தம் சொத்தைக் கொடுத்தார். அந்தப் பாலத்தின்மேல் நடந்துபோகும் நாம், ஆற்றைக் காப்பதற்கு எதைக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணியபோது தலை குனிந்தது. குனிந்தால் கீழே ஆறு. ஓரத்தில் ஆகாயத் தாமரை. இந்தப் பக்கத்தில் 'அமலை' என்பார்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்கடையின் சத்தைத் தின்றே அது கொழுக்கிறது. அமலை அடர்ந்த இடத்தில் அழுக்கு ஜலம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நகரச் சாக்கடை வந்து கலக்கும் ஓர் ஓடைக்குச் சற்றுக் கீழே மூன்றாவது புட்டியை நிரப்பினோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிரப்பினோம் என்று சொல்லுவதே உண்மை. சில கஜ தூரத்தில் ஒருவர் நிதானமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சத்திரத்து மாடியில் பையன்களுக்கு ஒரு கதை சொன்னோம். லண்டன் நகரத்தில் 1854-ஆம் ஆண்டு காலரா பரவிற்று. ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தேம்ஸ் நதி ஜலத்தைக் குழாயில் விற்றன. ஒன்று நகரச் சாக்கடை கலந்த இடத்திலேயே ஜலம் எடுத்தது. மற்றது 1852-ஆம் ஆண்டிலேயே நகரத்துக்கு மேலே, சாக்கடை எட்டாத இடத்துக்குத் தன் வாயை மாற்றிக்கொண்டது. ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எந்தக் கம்பெனி ஜலம் என்று விசாரித்துக் கணக்கெடுத்தார். முதல் கம்பெனியின் வீடுகளில் பதினாயிரத்துக்கு 315 மரணம். இரண்டாவது கம்பெனியின் வீடுகளில் பதினாயிரத்துக்கு 37. காலராக் கிருமி இன்னதென்று வைத்திய உலகம் ஒப்புக்கொள்வதற்குச் சுமார் முப்பது வருஷத்துக்கு முன்பே, கணக்கு நோட்டும் பென்சிலும் கொண்டு ஒரு மனிதர் உண்மையைப் பிடித்துவிட்டார். "எங்கே எடுக்கிறோம் என்பதுதான் விஷயம்" என்று முடித்தோம். பெட்டிக்காரன் இருட்டில் கேட்டான்: "ஸார், மேலே எடுக்கிறவன் தப்பிச்சான். எல்லாருக்கும் கீழே கடைசியிலே இருக்கிறவன் எங்கே போய் எடுப்பான்?" அவனுடைய ஊர் ஆற்றின் கடைசியில் இருக்கிறது.

மணல் செய்யும் உபகாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே ஒரு கிராமத்தில் ஆற்றுப் படுகையிலுள்ள குடிநீர்க் கிணற்றைப் பார்க்கப் போனோம். ஓடும் ஜலத்தை நேரே மொண்டு தொட்டியில் ஏற்றுவதில்லை. படுகை மணலுக்குள்ளே உறை இறக்கி, மணல் வழியாக ஊறி வரும் ஜலத்தை யந்திரம் வைத்து இறைக்கிறார்கள். சிறு வயதில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோமே, அதே சூட்சுமம்தான், அளவுதான் பெரிது. கலங்கிய ஆற்றின் பக்கத்திலேயே தோண்டிய ஊற்றில் கண்ணாடி போன்ற ஜலம் வருவதற்குக் காரணம் இடையிலுள்ள மணல். அதுதான் சிக்கனமான வடிகட்டி.

இந்த வடிகட்டியைத்தான் வருஷக்கணக்கில் லாரி லாரியாக ஏற்றி விற்றார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தியாகி ஆர். நல்லகண்ணு நீதிமன்றத்துக்குப் போனார். 2010-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்து வருஷம் தடை விதித்தது. அப்போது அந்தப் பெரியவருக்கு வயது எண்பதுக்கு மேல். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர், முதிர்ந்த வயதில் மணலுக்காக வழக்காடினார். இரண்டும் ஒரே தேச சேவைதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கிணற்றைப் பார்த்துக்கொள்கிறவர் எங்களை வரவேற்று, பிளீச்சிங் பவுடர் கரைக்கும் தொட்டியையும், குளோரின் அளவு பார்க்கும் சிறு பெட்டியையும் காட்டினார். குழாய் ஜலத்தில் ஒரு சொட்டு மருந்து விட்டதும் இளமஞ்சள் நிறம் தோன்றியது. வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டதிட்டம். "குளோரின் போட்டாச்சே, ஆறு எப்படி இருந்தால் என்ன என்று சிலபேர் கேக்காங்க, ஐயா. அப்படியில்லே. தண்ணியிலே அழுக்கு ஜாஸ்தி ஆனா, போட்ட மருந்தை அழுக்கே தின்னுட்டுப் போயிரும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது" என்றார் அவர். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கும் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மருந்து கலப்பதற்கு முன்பு, மணலில் ஊறி வந்த ஜலத்தை நான்காவது புட்டியில் பிடித்தோம்.

பகல் சுமார் பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேல் மர நிழலில் சோற்று மூட்டையை அவிழ்த்தோம். பெட்டிக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தவன், "ஸார்!" என்று கூவினான். மூன்றாவது புட்டி மைக்கூடு போலக் கறுத்திருந்தது. நிரப்பி ஒரு நாள்கூட ஆகவில்லை. பையன்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். அதற்கு முன்பு பல தடவை சாக்கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம், அவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். இப்போது ஒருவரும் தலையாட்டவில்லை.

ஆற்றின் கடைசியில்

இந்த ஆற்றின் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது, கொற்கை இருக்கிறது, சிவகளை இருக்கிறது. சிவகளையில் கிடைத்த நெல்மணிகள் சுமார் 3,200 வருஷம் பழையவை என்று 2021-ஆம் ஆண்டில் அரசாங்கம் வெளியிட்டது. 1906-ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட தூத்துக்குடியும் இன்று குடிப்பது இந்த ஆற்று ஜலத்தைத்தான்; வல்லநாட்டுப் பக்கத்திலிருந்து குழாயில் போகிறது. இத்தனை தலைமுறையை வளர்த்த ஆறு, ஒரு சிறு புட்டியில் மையாகக் கறுத்து எங்கள் எதிரே நின்றது.

மாலையில் பெட்டிக்காரனுடைய ஊருக்குப் போனோம். அங்கே உப்புக் காற்று வீசுகிறது. தோண்டினால் கிணற்றில் உப்புக் கரிக்கும். குழாய் ஜலம்தான் உயிர். தெருக் குழாயில் ஐந்தாவது புட்டியைப் பிடித்தோம். பையனுடைய தாயார் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, தாகத்துக்குக் கொடுப்பதற்காக உள்ளே போனாள். குடத்துக்குள் கையை விட்டு டம்ளரை அமிழ்த்தி மொண்டு கொண்டுவந்தாள். நாங்கள் குடித்தோம். பெட்டிக்காரன் எங்களைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். ஆறாவது புட்டி, உடைந்தால் இருக்கட்டும் என்று உபரியாக எடுத்துவந்தது. அதை எடுத்துக்கொண்டு அவனாகவே உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலையில் இரண்டாவது புட்டி கறுத்தது. செவ்வாய்க்கிழமை மாலை நாற்பத்தெட்டு மணியும் கழிந்தபின் ஆறு புட்டிகளையும் வகுப்பு மேஜைமேல் வரிசையாக வைத்தோம். மலை ஜலம் நிறம் மாறவில்லை. படித்துறை கறுப்பு. நகரம் கறுப்பு. மணல் கிணறு நிறம் மாறவில்லை. தெருக் குழாய் நிறம் மாறவில்லை. ஆறாவது புட்டி, வீட்டுக் குடத்து ஜலம், கறுப்பு.

வகுப்பு நிசப்தமாயிற்று. பெட்டிக்காரனுடைய முகம் சுண்டிப்போயிற்று. அவனுக்கு வந்த ஜுரம் அந்தக் குடத்திலிருந்துதான் வந்தது என்று இந்தப் புட்டி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இது கிருமியின் ஜாதியைச் சொல்லாது, எண்ணிக்கையைச் சொல்லாது. 'ஜாக்கிரதை' என்று மட்டும் சொல்லும். முறையான சோதனைச் சாலைக்கு அனுப்பினால்தான் மீதியைச் சொல்லுவார்கள் என்று விளக்கினோம். ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆறு கெட்ட இடத்தில் மணலும் குளோரினும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த ஜலத்தை, வாசல் தாண்டி உள்ளே வந்த பிறகு நமது கையே கெடுத்துவிடுகிறது.

1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றில் அழுக்கை விடக்கூடாது என்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அவையெல்லாம் தத்தம் வேலையைச் செய்ய வேண்டும்; செய்யாதபோது கேட்க வேண்டியது நமது வேலை. கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல ஜீவன் இயக்கத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்து, குடிநீரைச் சோதிக்கும் பெட்டியைப் பழக்கிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று விசாரியுங்கள். பெட்டி பிரித்து உபயோகமாகிறதா, பீரோவில் உறங்குகிறதா என்றும் விசாரியுங்கள். வீட்டில் குடத்துக்கு மூடி போடுங்கள். கை விடாமல் காம்பு நீண்ட அகப்பையால் மொள்ளுங்கள், அல்லது அடியில் குழாய் வைத்த பானை வாங்குங்கள். ஐயமுள்ள காலத்தில் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள்.

அடுத்த வாரம் பெட்டிக்காரன் வந்து தன் வீட்டுச் சமாசாரம் சொன்னான். குழாய் வைத்த பானை வாங்கியாயிற்றாம். ஆறாவது புட்டியைப் பார்த்த அவன் தாயார் முதலில் வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு எங்களிடம் கேட்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாளாம்:

"எங்க வீட்டுக் கொடத்துக்கு நாங்க மூடி போட்டாச்சு. ஆத்துக்கு யாரு மூடி போடப்போறா?"

அந்த அம்மாளுக்கு நேரில் சொல்லத்தக்க பதில் எங்களிடம் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு தீர்மானம் செய்தோம். மாதந்தோறும் முதல் சனிக்கிழமை அதே ஆறு இடங்களிலும் ஜலம் பிடிப்பது. தேதி போட்டு நோட்டில் எழுதுவது. கறுத்தால் கறுத்தது என்று உள்ளபடி ஊர்ச் சாவடிப் பலகையில் எழுதி வைத்து, ஒரு நகலை ஜில்லா அதிகாரிகளுக்கு அனுப்புவது. நோட்டின் முதல் பக்கம் எழுதியாகிவிட்டது. கையெழுத்து பெட்டிக்காரனுடையது, சற்றுக் கோணல்தான், ஆனால் நன்றாகப் படிக்க முடிகிறது.